முதுமைக்கு ஒரு காப்பு

மனிதன் உழைத்து ஓயும் காலத்தில் அவன் வாழ்வில் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நேர்கின்றன. ஒன்று, வருவாய் குறைகிறது. மற்றொன்று, நோய் மிகுகிறது. கையில் பொருள் இருந்த நாளில் மருத்துவரை நாட வேண்டிய தேவை மிகுதியாக இருந்ததில்லை. தேவை வந்த நாளிலோ பொருள் இல்லை. இந்த முரண்பாடு எல்லா நாட்டு முதியவர்க்கும் பொதுவானது. நிலத்தை நம்பி வாழ்ந்த சமுதாயங்களில் பிள்ளைகளும் உறவினரும் இச்சுமையை ஒருவாறு தாங்கினர். ஆலைத் தொழில் பெருகி, மக்கள் கூலியை மட்டுமே நம்பி வாழத் தொடங்கிய நாடுகளில் இந்தச் சுமை யாருடையது என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்விக்கு அமெரிக்கா கண்ட விடையே 'மெடிகேர்' என்னும் முதியோர் மருத்துவக் காப்பீடு. அதன் வரலாற்றை இங்கே காண்போம்.

அறுபத்தைந்து வயதை எய்தும் அமெரிக்கர் ஒவ்வொருவரும் இத்திட்டத்தை முதன்முதலில் ஆராயும்போது சற்றே திகைப்பர். மருத்துவமனைச் செலவுக்கு ஒரு பகுதி. மருத்துவர் கட்டணத்திற்கு வேறொரு பகுதி. மருந்துக்கு மற்றொரு பகுதி. இவற்றையெல்லாம் சேர்த்துத் தனியார் நிறுவனங்கள் வழங்கும் இன்னொரு பகுதி. ஒன்றுக்குக் கட்டணம் இல்லை. மற்றொன்றுக்கு மாதந்தோறும் கட்டணம் உண்டு. இத்தனையும் இருந்தும், பல்லுக்கும் செவிப்பொறிக்கும் பொதுவாக இடமில்லை. ஒரே நாளில் ஒரே சிற்பி எழுப்பிய கட்டடமாக இது தோன்றவில்லை. உண்மையும் அதுவே. இதன் ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு சமரசத்தின் பயனாக எழுந்தது. ஆதலின், இத்திட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதை அறிய விரும்புவோர் அது பிறந்த கதையை அறிதல் வேண்டும்.

காப்பீடு என்பது ஊர் கூடித் தேர் இழுப்பதை ஒத்தது. வலியவரும் எளியவரும் ஒரே வடத்தைப் பற்றும்போதுதான் தேர் நகரும். ஆனால் தனியார் காப்பீட்டு நிறுவனமோ ஆதாயம் கருதுவது. வலுவான தோள்களை அது விரும்பி அழைக்கும். தளர்ந்த கைகளுக்கு மிகுந்த விலை கூறும், அல்லது கதவை அடைக்கும். 1960-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்க முதியோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மருத்துவமனைக் காப்பீடு இல்லாதிருந்தனர். வேலையில் இருந்தவர்களுக்கு முதலாளிகள் வழியே காப்பீடு கிடைத்தது; வேலையை விட்ட அன்றே பலருக்கு அது நீங்கியது. நோய் வருவதற்கு மிகுந்த வாய்ப்புள்ள வயதில்தான் காப்பு நீங்கியது என்பது இங்கே கருதத்தக்கது.

அரசே முன்னின்று நோய்க் காப்பீடு நடத்தும் முறையை முதலில் நாடளாவிய சட்டமாக்கியது ஜெர்மனி. பிஸ்மார்க்கு 1883-ஆம் ஆண்டில் அதனைத் தொழிலாளர்க்காக நிறைவேற்றினார். இங்கிலாந்து 1911-இல் தன் வழியில் அதனைத் தொடர்ந்தது. அமெரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட்டு 1912-ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் முற்போக்குக் கட்சியின் கொள்கையறிக்கையில் நோய்க்கான சமூகக் காப்பீட்டைச் சேர்த்தார். அவர் அத்தேர்தலில் தோற்றார். பின்னர்ப் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டு 1935 ஆகஸ்டு 14 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். முதியோர்க்கு ஓய்வுத்தொகை கிடைக்க அச்சட்டம் வழி செய்தது. மருத்துவக் காப்பீட்டையும் அதனுள் வைத்தால் மருத்துவர்களின் எதிர்ப்பால் முழுச் சட்டமே கவிழும் என்று அஞ்சி அதனை விட்டுவிட்டனர். அன்று விடப்பட்ட இடத்தை நிரப்ப முப்பது ஆண்டுகள் ஆயின.

அம்முயற்சியைக் கையில் எடுத்தவர் ஹாரி ட்ரூமன். 1945 நவம்பர் 19 அன்று அவர் காங்கிரஸ் மன்றத்திற்கு விடுத்த செய்தியில், முதியோர்க்கு மட்டுமன்றி நாட்டு மக்கள் அனைவர்க்குமே மருத்துவக் காப்பீடு வேண்டும் எனக் கோரினார். அமெரிக்க மருத்துவர் சங்கம் இதனைக் கடுமையாக எதிர்த்தது. ட்ரூமன் 1948-இல் மீண்டும் வென்றதும், அச்சங்கம் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் திரட்டிப் பெரும் பிரசாரம் நடத்தியது. இது சோஷலிச மருத்துவம் என்னும் குற்றச்சாட்டு, சோவியத்து நாட்டோடு பகைமை முற்றியிருந்த அந்நாளில் மக்கள் உள்ளத்தில் எளிதில் பதிந்தது. ட்ரூமனின் திட்டம் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது.

இந்தத் தோல்வியிலிருந்து ஆதரவாளர்கள் ஒரு பாடம் கற்றனர். அனைவர்க்கும் ஒருங்கே கேட்டால் ஒருவர்க்கும் கிடைக்காது; யாருக்குக் கேட்டால் மறுக்க நாணுவார்களோ அவர்களுக்கு முதலில் கேட்போம் என்று முடிவு செய்தனர். அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டவர்களே முதியோர். அவர்களைத் தனியார் நிறுவனங்கள் கைவிட்டிருந்தன. சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவர்களுடைய பதிவுகளும் ஆயத்தமாக இருந்தன. கேட்பதையும் குறைத்துக் கொண்டனர். எல்லா மருத்துவமும் வேண்டா, மருத்துவமனையில் தங்கும் செலவு மட்டும் போதும் என்றனர். ரோடு ஐலண்டு மாநிலத்து உறுப்பினர் எய்ம் போரண்டு 1957-இல் கொண்டுவந்த மசோதா இவ்வழியில் அமைந்தது. இத்திட்டம் இன்றுவரை மருத்துவமனையை ஒரு பகுதியாகவும் மருத்துவரை வேறொரு பகுதியாகவும் பிரித்து வைத்திருப்பதன் வேரை இங்கே காணலாம்.

எதிர்த் தரப்பினரும் வாளாவிருக்கவில்லை. 1960-இல் கெர், மில்ஸ் என்னும் இருவர் பெயரால் வழங்கும் சட்டம் நிறைவேறியது. மருத்துவச் செலவைத் தாங்க இயலாத வறிய முதியோர்க்கு மாநிலங்கள் உதவலாம். மைய அரசு பொருள் தரும் என்பது அதன் சாரம். உதவி பெற விரும்பும் முதியவர் தம் வறுமையை அதிகாரிகள் முன் மெய்ப்பிக்க வேண்டும். பல மாநிலங்கள் இதனை ஏற்பதிலும் தயங்கின. இங்கேதான் வழக்கின் உயிர்நிலை வெளிப்பட்டது. வாழ்நாள் முழுதும் உழைத்த ஒருவர் நோயுற்றபோது பெறுவது தருமமா, உரிமையா? தருமமாயின் அவர் கைகட்டி நிற்க வேண்டும். உரிமையாயின், உழைத்த காலத்தில் தாம் செலுத்திய பங்கின் பயனைத் தலைநிமிர்ந்து பெறலாம். பொருளின் அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். அதைப் பெறுபவரின் நிலை ஒன்றன்று.

இவ்வழக்கு மேடையிலும் ஒலித்தட்டிலும் நடைபெற்றது. 1961-இல் மருத்துவர்களின் மனைவியர் தம் இல்லங்களில் அண்டை வீட்டாரைக் காப்பி அருந்த அழைத்து, இத்திட்டத்தைக் கண்டிக்கும் ஒலித்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினர். அதில் பேசியவர் அந்நாளில் நடிகராக விளங்கிய ரொனால்டு ரீகன். 1962 மே 20 அன்று குடியரசுத் தலைவர் கென்னடி நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் முதியோர் நிறைந்த கூட்டத்தில் திட்டத்தை ஆதரித்துப் பேசினார். மக்கள் கலைந்தபின், வெறும் நாற்காலிகள் நிறைந்த அதே அரங்கில் நின்று மருத்துவர் சங்கத்தின் சார்பில் ஒருவர் மறுப்புரை நிகழ்த்த, அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் செனட் சபையில் 52-க்கு 48 என்ற வாக்கில் திட்டம் தோற்றது. அடுத்த ஆண்டு கென்னடி கொலையுண்டார்.

1964 தேர்தலில் லிண்டன் ஜான்சன் பெரும் வெற்றி பெற்றார். அவர் கட்சிக்கு இரு சபைகளிலும் வலுவான பெரும்பான்மை கிட்டியது. எனினும் திறவுகோல் ஒருவர் கையில் இருந்தது. அவர் பிரதிநிதிகள் சபையின் வரிக்குழுத் தலைவர் வில்பர் மில்ஸ். பல ஆண்டுகள் இத்திட்டத்தைத் தடுத்து நின்றவர் அவரே. 1965-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் முன் மூன்று யோசனைகள் இருந்தன. ஆளும் கட்சி கேட்டது, சம்பள வரியால் நடைபெறும் மருத்துவமனைக் காப்பீடு. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜான் பைர்ன்ஸ் சொன்னது, விரும்பியவர் கட்டணம் செலுத்திச் சேரும் காப்பீடு. மருத்துவர் கட்டணமும் அதில் அடங்கும். மருத்துவர் சங்கம் சொன்னது, வறியவர்க்கு மட்டும் உதவி. இவற்றுள் ஒன்றைத் தேர்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, மில்ஸ் மூன்றையும் அடுக்கி ஒரே சட்டமாக்கினார். முதலாவது 'ஏ' பகுதி ஆயிற்று. இரண்டாவது 'பி' பகுதி ஆயிற்று. மூன்றாவது 'மெடிகெய்டு' என்னும் வறியோர் மருத்துவ உதவித் திட்டமாயிற்று. எதிர்ப்பதற்கு யாருக்கும் வலுவான காரணம் எஞ்சவில்லை. பிரதிநிதிகள் சபை ஏப்ரலில் 313-க்கு 115 என்ற வாக்கிலும், செனட் சபை ஜூலையில் 68-க்கு 21 என்ற வாக்கிலும் மசோதாவை ஏற்றன.

1965 ஜூலை 30 அன்று ஜான்சன் கையொப்பமிடுவதற்காகத் தலைநகரை விட்டு மிசூரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அது ட்ரூமனின் ஊர். இருபது ஆண்டுகளுக்கு முன் தோற்ற அம்முதியவர்க்கு அப்போது வயது 81. அவருக்கு அருகில் அமர்ந்து ஜான்சன் சட்டத்தில் கையொப்பமிட்டார். திட்டத்தின் முதல் உறுப்பினர் அட்டை ட்ரூமனுக்கும் இரண்டாவது அவர் துணைவியார்க்கும் உரியவாயின.

1966 ஜூலை 1 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் முதியோர் அதில் சேர்ந்தனர். காடுகளில் ஒதுங்கி வாழ்ந்த முதியவர்களைத் தேடிச் செய்தி சொல்ல வனக்காவலர்களையும் அரசு அனுப்பியது. அந்நாளில் ஏற்கெனவே முதுமை எய்தியிருந்தவர்கள் இத்திட்டத்திற்கென வரி செலுத்தியவர்கள் அல்லர். ஆயினும் அவர்களும் 'ஏ' பகுதியில் சேர்த்துக் கொள்ளப்பட்டனர். இளையோர் வடம் பிடிக்க, முதியோர் தேரில் அமர்ந்தனர்.

அந்நாளில் நிகழ்ந்த மற்றொரு மாறுதல் இதனினும் பெரிது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைப் பல மருத்துவமனைகள் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் தனி வார்டுகளில் ஒதுக்கின. 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, இனப்பாகுபாடு காட்டும் நிலையத்திற்கு மைய அரசின் பணம் செல்லலாகாது. மெடிகேர் பணம் வேண்டுமாயின் பாகுபாட்டை நீக்குக என்று அரசு கூறிற்று. சொன்னதோடு நில்லாமல் ஆய்வாளர்களையும் அனுப்பிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சில மாதங்களுக்குள் தம் வாயில்களை அனைவர்க்கும் திறந்தன. பல்லாண்டுப் போராட்டங்களால் அசையாத கதவுகளைக் காப்பீட்டுப் பணம் அசைத்தது.

இனித் திட்டத்தின் உள்ளமைப்பைக் காண்போம். 'ஏ' பகுதி மருத்துவமனைச் செலவுக்கு உரியது. ஒருவரோ அவர்தம் வாழ்க்கைத் துணையோ ஏறத்தாழப் பத்தாண்டுகள், அதாவது 40 காலாண்டுகள், வரி செலுத்தி உழைத்திருப்பின் இதற்கு மாதக் கட்டணம் இல்லை. தொழிலாளியும் முதலாளியும் 1966-இல் சம்பளத்தில் நூற்றுக்கு 0.35 வீதம் செலுத்தினர். பின்னர் அது 1.45 ஆக உயர்ந்தது. ஆனால் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. மருத்துவமனையில் சேருபவர் முதலில் ஒரு தொகையைத் தாமே செலுத்த வேண்டும். 1966-இல் அது 40 டாலர். 2025-இல் 1,676 டாலர். முதல் 60 நாட்களுக்கு அதுவே போதும். அதன்பின் நாள்தோறும் பங்கு செலுத்த வேண்டும். காலம் நீள நீளப் பங்கும் உயரும்.

'பி' பகுதி மருத்துவர் கட்டணத்திற்கும் புறநோயாளிச் சிகிச்சைக்கும் உரியது. இதற்கு மாதக் கட்டணம் உண்டு. தொடக்கத்தில் அது 3 டாலர்; 2025-இல் பெரும்பாலோர்க்கு 185 டாலர்; வருவாய் மிக்கவர்க்கு இன்னும் கூடுதல். ஆண்டின் முதற்செலவு கழிந்தபின், ஏற்கப்பட்ட கட்டணத்தில் நூற்றுக்கு 80 பங்கைத் திட்டம் ஏற்கிறது. 20 பங்கு நோயாளியுடையது. அந்த இருபதுக்கு மேல்வரம்பு இல்லை. சிறு நோய்க்கு இருபது பங்கு எளிது; புற்றுநோய் போன்ற பெருநோய்க்கு அதுவே ஒரு குடும்பத்தின் சேமிப்பை உண்டுவிடும். இதனை ஈடுசெய்யவே 'மெடிகேப்' எனப்படும் துணைக் காப்பீட்டைத் தனியாரிடம் பலர் வாங்குகின்றனர்.

இக்குறையைப் போக்க ஒருமுறை முயன்றனர். 1988-இல் நோயாளியின் செலவுக்கு மேல்வரம்பும், மருந்துக்கு உதவியும் தரும் சட்டம் நிறைவேறியது. அதில் கையொப்பமிட்டவர் முன்பு ஒலித்தட்டில் எதிர்த்துப் பேசிய அதே ரீகன். ஆனால் அதற்கான செலவு முழுவதையும் முதியோரே ஏற்க வேண்டும் என்றும், அவருள் வசதியுள்ளவர் கூடுதல் வரி செலுத்த வேண்டும் என்றும் சட்டம் விதித்தது. முதியோர் வெகுண்டனர். 1989 ஆகஸ்டில் சிகாகோ நகரில் வரிக்குழுத் தலைவர் ராஸ்டன்கவுஸ்கியின் காரை அவர்கள் சூழ்ந்துகொள்ள, அவர் இறங்கி ஓட நேர்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் சட்டம் பெரும்பாலும் நீக்கப்பட்டது. வடம் பிடிப்பவர் தொகை குறைந்தால் தேர் நகராது என்பதற்கு இது சான்று.

மருந்துச் செலவுக்கு வழி பிறக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2003-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் 'டி' பகுதி 2006 ஜனவரி 1 அன்று தொடங்கியது. ஒரு குறிப்பிட்ட செலவுக்குப்பின் உதவி நின்றுவிடும் பெரிய இடைவெளி அதில் இருந்தது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் படிப்படியாகக் குறைக்க வகை செய்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம், காப்பில் அடங்கிய மருந்துகளுக்கு நோயாளி தரும் ஆண்டுச் செலவை 2025-இல் 2,000 டாலர் என வரையறுத்தது. சர்க்கரை நோயாளிக்குரிய இன்சுலினின் செலவும் 2023 முதல் மாதம் 35 டாலருக்கு மேற்படாது என்றாயிற்று.

'சி' பகுதி என்பது, அரசு தரும் பணத்தைக் கொண்டு தனியார் நிறுவனங்கள் நடத்தும் முறை. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது தனிப் பகுதியாக உருப்பெற்றது. 2023-இல் தகுதியுடைய முதியோருள் பாதிக்கு மேற்பட்டவர் இதில் இருந்தனர். செலவுக்கு ஆண்டு வரம்பு உண்டு. பல் மருத்துவம் போன்ற சில உதவிகளும் கிடைப்பதுண்டு. ஆனால் நிறுவனம் குறித்த மருத்துவர்களிடமே பெரும்பாலும் செல்ல வேண்டும். சில சிகிச்சைகளுக்கு முன் அனுமதி பெற வேண்டும். பின்னாளில் பழைய முறைக்குத் திரும்ப எண்ணினால், பெரும்பாலான மாநிலங்களில் துணைக் காப்பீட்டு நிறுவனம் நோயைக் காட்டி மறுக்கக்கூடும். 'பி' பகுதியில் சேர்ந்த முதல் ஆறு மாதங்களில் மறுப்பின்றித் துணைக் காப்பீடு வாங்கும் உரிமை உண்டு. நலமாக இருக்கும் நாளில் எடுக்கும் முடிவு நோயுற்ற நாளைக் கட்டுப்படுத்துகிறது. இதனை முன்னரே எண்ணுதல் வேண்டும்.

காலம் தவறாமையும் இன்றியமையாதது. அறுபத்தைந்தாம் பிறந்தநாள் வரும் மாதமும், அதற்கு முன் மூன்றும் பின் மூன்றுமாக ஏழு மாதங்களுக்குள் சேர வேண்டும். தவறினால், தாமதித்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 'பி' பகுதிக் கட்டணம் நூற்றுக்கு பத்து வீதம் கூடும். அக்கூடுதல் பொதுவாக வாழ்நாள் முழுதும் நீங்காது. தாமோ துணைவரோ பணியில் இருந்து, அப்பணியின் வழியே காப்பு பெறுபவர்க்கு மட்டும் விலக்கு உண்டு. இவ்விதி கொடிதெனத் தோன்றலாம். நோய் வந்தபின் சேரலாம் என்று எல்லாரும் காத்திருப்பின் காப்பீடு நிலைக்காது என்பதே இதன் காரணம்.

பிள்ளைகளோடு வாழ அமெரிக்கா சென்று குடியேறும் நம் நாட்டுப் பெற்றோர் பலர். அவர்களும் இதனை அறிதல் நன்று. மகனோ மகளோ செலுத்திய வரி பெற்றோர்க்குக் கணக்காகாது. நிரந்தரக் குடியுரிமைச் சீட்டுடன் அங்கே தொடர்ந்து ஐந்தாண்டுகள் வாழ்ந்த முதியவர் கட்டணம் செலுத்திச் சேரலாம். 'ஏ' பகுதிக்கு மட்டும் 2025-இல் முழுக் கட்டணம் மாதம் 518 டாலர். மெடிகேர் பொதுவாக அமெரிக்க எல்லையோடு நின்றுவிடும் என்பதையும் மறத்தலாகாது. ஊர் திரும்பி மதுரையிலோ கோவையிலோ நோயுற்றால் அக்காப்பு உடன் வராது.

எல்லாவற்றினும் பெரிய இடைவெளி ஒன்று இன்னும் உள்ளது. உண்ணவும் உடுக்கவும் நடக்கவும் பிறர் துணை வேண்டிய தளர்ந்த முதுமையில் தேவைப்படும் நெடுங்கால பராமரிப்பை மெடிகேர் ஏற்பதில்லை. மருத்துவமனையில் மூன்று நாட்கள் உள்நோயாளியாக இருந்தவர்க்குச் செவிலியர் இல்லத்தில் 100 நாட்கள் வரை குறிப்பிட்ட சிகிச்சைக்கு உதவி உண்டு, அவ்வளவே. அதற்குமேல், தம் சேமிப்பைச் செலவழித்துத் தீர்த்து, வறியவரென மெய்ப்பித்தபின் மெடிகெய்டின் உதவியை நாட வேண்டும். உரிமையாகப் பெறும் முதல் அடுக்கில் நோய்க்கு இடம் கிடைத்தது. தளர்ச்சியோ தருமமாகப் பெறும் மூன்றாம் அடுக்கிலேயே நின்றுவிட்டது. 1960-இல் எழுந்த தருமமா, உரிமையா என்ற கேள்வி இவ்வகையில் இன்றும் முடிவு பெறவில்லை.

இவ்வளவு குறைகள் இருந்தும், அறுபத்தைந்து வயதான ஒருவரை நோய் காரணமாக விலக்காத காப்பீடு ஒன்றை அந்நாடு எய்தியது பெரும் செயலே. கேட்டது முழுதும் கிடைக்கும்வரை காத்திராமல், கிடைத்ததைப் பெற்று, எஞ்சியதைத் தொடர்ந்து கேட்டவர்களால் அது இயன்றது. அவ்வாறு பகுதி பகுதியாகப் பெற்றதனாலேயே அது பகுதி பகுதியாக நிற்கிறது. ஓய்வுபெறுபவர் அந்தப் பகுதிகளின் எல்லையை நலமாயிருக்கும் நாளிலேயே அறிந்துகொள்வது அவர் தமக்குச் செய்துகொள்ளும் உதவி. எஞ்சிய இடைவெளியை நிரப்புவதோ நாட்டின் கடமை.